எஸ்.ஒய்.எல்.: மறைந்த பாடகரின் பாட்டும் முடிவுறாத கால்வாயும்

பஞ்சாபி ராப் பாடகர் சித்து மூசேவாலா, மான்சா மாவட்டத்தின் ஜவாஹர்கே கிராமத்தில் 2022 மே 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு 25 நாள்களுக்குப் பின், ஜூன் 23 மாலை, அவருடைய யூடியூப் பக்கத்திலேயே ‘எஸ்.ஒய்.எல்.’ என்னும் பாடல் வெளியானது. மூன்று நாள்களுக்குள் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்ட அப்பாடல், ஜூன் 26 அன்று, அரசு அளித்த சட்டவழிப் புகாரின் பேரில், இந்தியாவுக்குள் பார்க்க இயலாதவாறு முடக்கப்பட்டது. பாடியவர் உயிருடன் இல்லாத நிலையில் ஒரு பாடலை வெளியிடும் உரிமை யாருடையது, அதைத் தடுக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது, அதன் சொற்களுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்னும் மூன்று கேள்விகளையும் இந்நிகழ்வு ஒருசேர எழுப்பியது.

ராப் என்பது, ‘பீட்’ எனப்படும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளக்கட்டின் மேல், எதுகையும் இயைபும் அமைந்த சொற்களைப் பேச்சு நடையில் விரைந்து சொல்லும் பாட்டுமுறையாகும். தொகுப்பாக அன்றித் தனியாக வெளியிடப்படும் பாடலுக்கு ‘சிங்கிள்’ என்று பெயர். திரைப்பாடலில் எழுதுபவர், இசையமைப்பவர், பாடுபவர் மூவரும் வெவ்வேறானவர்களாக இருப்பதே வழக்கம். ராப்பிலோ சொல்லும் குரலும் பெரும்பாலும் ஒருவருக்கே உரியவை, அவற்றில் வெளிப்படும் அரசியலும் அவருடையதாகவே கொள்ளப்படுகிறது. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பரில் மறைந்தபின் அவர் பாடிய ‘அண்ணாத்த’ படப்பாடல் 2021இல் வெளிவந்தபோது நெகிழ்ச்சி எழுந்ததே அன்றிச் சர்ச்சை எழாததற்கு இவ்வேறுபாடே காரணம்.

எஸ்.ஒய்.எல். என்பது சட்லெஜ்–யமுனை இணைப்புக் கால்வாயின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம். 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாபிலிருந்து ஹரியாணா பிரிக்கப்பட்டபின் எழுந்த ஆற்றுநீர்ப் பங்கீட்டுப் பூசலுக்குத் தீர்வாக, பஞ்சாபில் 122, ஹரியாணாவில் 92 என மொத்தம் 214 கிலோமீட்டர் நீளத்துக்கு இக்கால்வாய் திட்டமிடப்பட்டது. பஞ்சாப் பகுதிப் பணியைப் பாட்டியாலா மாவட்டத்தின் கபூரி கிராமத்தில் 1982 ஏப்ரல் 8 அன்று இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். 1990 ஜூலையில், திட்டத்தின் தலைமைப் பொறியாளரும் கண்காணிப்புப் பொறியாளரும் சண்டிகரில் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அப்பணி நின்றது. கால்வாயை முடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. பஞ்சாப் சட்டமன்றமோ 2004இல் நீர்ப்பகிர்வு ஒப்பந்தங்களையே முறிக்கும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் செல்லாது என 2016இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தபின்னும் கால்வாய் முடிந்தபாடில்லை.

ஹரியாணாவுக்கு நீர் கிடைக்கும் என்று ஓர் அரசியல்வாதி அளித்த வாக்குறுதியின் ஒலிப்பதிவோடு தொடங்கும் பாடல், பஞ்சாபின் நீர் பஞ்சாபுக்கே என்னும் நிலைப்பாட்டையும், தண்டனைக் காலம் முடிந்தும் சிறையிலிருப்பதாகச் சொல்லப்படும் சீக்கியக் கைதிகளின் விடுதலைக் கோரிக்கையையும் முன்வைக்கிறது. நீருரிமை பற்றிய வாதம் எந்த மாநிலத்துக் குடிமகனுக்கும் உரியதே. தமிழ்நாட்டின் வைப்பாற்றுப் படுகையில் வாழ்வோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் உபரி நீரில் 634 மில்லியன் கனமீட்டரை மலைக்கு இப்பால் வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்துக்குத் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995இலேயே சாத்தியக்கூறு அறிக்கை தந்தும், கேரளத்தின் எதிர்ப்பால் அது ஏட்டளவிலேயே நிற்கிறது. எனினும், பணியில் இருந்த இரு பொறியாளரைக் கொன்ற குழுவுக்குத் தலைமை தாங்கிய பல்விந்தர் சிங் ஜட்டானாவைப் போற்றும் இடத்தில் பாடல் நீருரிமையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. வாழும் பாடகரானால் அவ்வரிகளுக்கு விளக்கம் கேட்கலாம், அவர் மறுக்கலாம், திருத்தலாம், பிடிவாதமாக நிற்கவும் செய்யலாம். இறந்தவரிடம் இவற்றுள் எதற்கும் வழியில்லை.

இணையப் பதிவுகளை முடக்கும் அதிகாரத்தை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 69ஏ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக நடுவணரசுக்கு வழங்குகிறது. முடக்க ஆணைக்குரிய காரணங்கள் எழுத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிற இதே ஏற்பாட்டில், 2009ஆம் ஆண்டு விதிகளின்படி புகாரும் நடவடிக்கையும் மந்தணமாகக் காக்கப்படுகின்றன. ஆகவே கேட்பவர்களுக்கு எட்டுவது, பாடல் கிடைக்காது என்னும் ஒற்றை அறிவிப்பு மட்டுமே. மேற்சொன்ன கொலைப் புகழ்ச்சிதான் காரணமா, கைதிகள் பற்றிய கோரிக்கையா, கால்வாய் எதிர்ப்பா என்பது வெளிப்படையாகச் சொல்லப்படாதவரை, முடக்கம் நியாயமானதாக இருந்தாலும் நியாயமாகத் தோன்றாது.

வெளியிடும் உரிமையைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு தெளிவானது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி பாடல்வரிக்கும் இசையமைப்புக்குமான உரிமை, படைத்தவர் இறந்தபின் 60 ஆண்டுகள் நீடித்து வாரிசுகளைச் சேரும். பாடியவர் என்ற முறையில் அவருக்குள்ள நிகழ்த்துநர் உரிமைக்கு, பாடியதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் ஆயுள். உயில் எழுதாமல் இறந்தவருக்கு வாரிசு யார் என்பதை அவரவர்க்குரிய வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். சீக்கியருக்கும் பொருந்தும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்கீழ், மணமாகாத ஆண்மகனின் தாய் முதல் வகுப்பு வாரிசாகவும் தந்தை இரண்டாம் வகுப்பு வாரிசாகவும் வைக்கப்பட்டிருப்பது பலரும் அறியாத செய்தி. ஆனால் சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு: பதிவு செய்த குரல், வாரிசுகளின் கையில் அன்றி, பீட் அமைத்த இசைத் தயாரிப்பாளர்களின் கணினிகளில் கிடக்கிறது. அதனால்தான், முடிவுறாத பாடல்களைத் தங்கள் ஒப்புதலின்றி வெளியிடலாகாது என மூசேவாலாவின் குடும்பத்தார் பொதுவெளியில் வேண்ட நேர்ந்தது. சலீம் மர்ச்சன்ட் வெளியிடவிருந்த ‘ஜாந்தி வார்’ பாடலுக்கு 2022இல் மான்சா நீதிமன்றத்தில் தடையும் பெற்றனர். குடும்பத்தின் இசைவோடு ‘வார்’ அதே ஆண்டு நவம்பரிலும், நைஜீரியப் பாடகர் பர்னா பாய் இணைந்த ‘மேரா நா’ 2023 ஏப்ரலிலும் வெளிவந்தன.

தமிழில் இச்சிக்கல் வேறு உருவில் வந்துள்ளது. ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரகுமான் மீட்டுருவாக்கியபோது, குடும்பங்களின் ஒப்புதல் பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். பாடகர் ஒருபோதும் வாய் திறந்து சொல்லாத சொற்களை அவர் குரலில் ஒலிக்கச் செய்வது திரைப்பாடலில் அஞ்சலியாகக் கொள்ளப்படலாம். அதையே ராப்பில் செய்தால், இறந்தவர் பெயரில் புதிய அரசியல் அறிக்கை வெளியிட்டதாகிவிடும். ஆகவே ராப்பைப் பொறுத்தவரை குடும்பத்தின் ஒப்புதல் மட்டும் போதாது. எந்தப் பகுதி பாடகர் பதிவு செய்தது, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்பதைப் பாடலோடு அறிவிப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டில் திரைக்கு வெளியே பாடிவரும் இளம் ராப் பாடகர்கள், ஒலிப்பதிவுக் கூடத்தில் விட்டுவைத்த வரைவுகளை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதைத் தயாரிப்பாளருடனான ஒப்பந்தத்தில் இப்போதே எழுதி வைப்பது நல்லது.