விசைத்தெளிப்பான் கிளம்பவில்லையா? கார்புரேட்டரைக் கழுவிப் பாருங்கள்

சம்பாப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு தென்பட்டதும், பல மாதங்களாக மூலையில் கிடந்த விசைத்தெளிப்பானை எடுத்துத் துடைத்து, மருந்தையும் கலந்து வைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் எஞ்சின் கிளம்புவதில்லை. இருபது தடவை இழுத்து ஓய்ந்த பிறகு பட்டறைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதாகிறது. பட்டறையிலோ அந்தப் பருவத்தில் இதைப்போன்ற கருவிகள் வரிசையில் நிற்கும். புழு அதுவரை காத்திருக்காது. கலந்த மருந்தும் மறுநாளுக்கு ஆகாது. (எஞ்சினை ஓட்டிப் பார்த்த பிறகே மருந்து கலப்பதுதான் முறை.)

இப்படி நின்றுபோகும் எஞ்சின்கள் பலவற்றில் எஞ்சின் நன்றாகவே இருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில்தான் அடைப்பு. அதைச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் போதும்.

தொட்டியில் விட்டுவைத்த பெட்ரோலில் இலேசான பகுதி ஆவியாகிவிடுகிறது. எஞ்சியது பிசின்போலக் கெட்டிப்படுகிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கலந்த ஆயிலும் அதனோடு சேர்ந்துகொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் செல்லும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதை அடைக்கத் துளிப் பிசின் போதும்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துள்ளது. நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். இந்த அடித்தண்ணீரில் டூ-டி ஆயில் கலக்காது. எஞ்சின் அதை இழுத்து ஓடினால் எண்ணெய்ப் பசையின்றிப் பிஸ்டன் இறுகிப்போகும். ஆகவே பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பார்க்கவும். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அதை எஞ்சினுக்கு ஊற்றவே கூடாது.

கார்புரேட்டரைத் தொடுமுன் வேறு சிலவற்றைப் பார்த்துவிடலாம். பெட்ரோல் காக் திறந்திருக்கிறதா, தொட்டி மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா, காற்று வடிகட்டியில் தூசி அப்பியிருக்கிறதா என்று பார்க்கவும். பஞ்சு வடிகட்டியானால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும், சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிட்டால் ஜெட்டில்தான் அடைப்பு என்று கொள்ளலாம்.

முதலில் தெளிப்பானின் வெளிப்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவி மருந்துக் கறையைப் போக்கவும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில், நிழலில் வேலை செய்யவும். பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. கழற்றும் சாமான்களை ஒரு வெள்ளைத் துணியின்மேல் கழற்றிய வரிசையிலேயே வைத்துக்கொண்டால் பூட்டும்போது குழப்பம் வராது.

காக்கை மூடி, பெட்ரோல் குழாயை உருவிவிட்டு, கார்புரேட்டரின் அடியிலுள்ள கிண்ணத்தைக் கழற்றவும். ஒரு போல்ட்டோ இரண்டு திருகுகளோதான் அதைப் பிடித்திருக்கும். கிண்ணத்தின் அடியில் மஞ்சள் பிசினோ தண்ணீர்த் துளிகளோ கிடந்தால் காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே மிதவை இருக்கும். அதன் கம்பியை உருவி மிதவையையும் அதனோடு வரும் சிறிய ஊசியையும் எடுக்கவும். மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் குலுங்கும் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் புதிது போட வேண்டும். ஊசியின் முனையில் வளையம்போலத் தேய்மானம் விழுந்திருந்தால் அதையும் மாற்றவும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுவதற்கு இதுவே காரணம்.

நடுவிலுள்ள ஜெட்டைப் பொருத்தமான திருப்புளியால் கழற்றவும். பித்தளையாதலால் வாய் சரியில்லாத திருப்புளி அதன் தலையைத் தின்றுவிடும். ஜெட்டைப் புதுப் பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவும். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் அதிகம் குடிக்கும். மின் ஒயரிலிருந்து எடுத்த ஒற்றைச் செம்பு இழை போதும். ரப்பர் வளையங்களையும் கேஸ்கெட்டையும் கிளீனரில் நனைக்க வேண்டாம், ஊதிப் பெருத்துவிடும்.

ஜெட்டை வாயில் வைத்து ஊதுவது பலருக்கும் வழக்கம். மோட்டார் சைக்கிளிலேயே அது தவறு. பூச்சிமருந்து தெளிக்கும் கருவியில், எவ்வளவு கழுவினாலும், அது விஷத்தை வாயில் வைப்பதற்குச் சமம். பெட்ரோலைக் குழாய் வைத்து உறிஞ்சுவதும் அப்படியே. சைக்கிள் பம்பினால் அடித்தால் ஜெட்டும் கார்புரேட்டரின் உள்வழிகளும் நன்றாகச் சுத்தமாகும். அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும். பெட்ரோல் கண்ணில் தெறிக்கும்.

பூட்டுகையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேகம் கூட்டும் கம்பியின் முனையில் உருளைபோன்ற திராட்டில் தொங்கும் வகையில், அதன் பக்கவாட்டுப் பள்ளம் கார்புரேட்டரின் உள்ளேயுள்ள முளையில் சரியாக உட்கார வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் திராட்டில் மூடாமல், கயிற்றை இழுத்ததுமே எஞ்சின் முழு வேகத்தில் பாயும். பூட்டிய பின் கைப்பிடியை விட்டதும் திராட்டில் 'டக்' என்று கீழே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டே பெட்ரோல் விடவும்.

புல்வெட்டும் கருவிகள் பலவற்றிலும் மரம் அறுக்கும் கருவியிலும் கிண்ணமும் மிதவையும் இல்லை. மெல்லிய சவ்வு உள்ள கார்புரேட்டர் அது. சவ்வும் கேஸ்கெட்டும் வரிசை மாறினால் வேலை செய்யாது. பழக்கமில்லாதவர்கள் அதைப் பிரிக்காமல் இருப்பதே நலம்.

தெளிப்பு முடிந்து கருவியை எடுத்து வைக்கும்போது தொட்டியை வடித்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கிண்ணமும் காலியாகிவிடும், அடைப்பே வராது. டூ-டி ஆயிலைக் கம்பெனி கையேட்டில் சொன்ன அளவிலேயே கலக்கவும். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம்.

இவ்வளவும் செய்து, பிளக்கில் பொறியும் நன்றாக வந்து, அப்போதும் எஞ்சின் கிளம்பாமல் கயிறு தடையின்றி லேசாக இழுபட்டால் கம்ப்ரெஷன் குறைந்துவிட்டது என்று பொருள். பிஸ்டன் ரிங்கைப் பார்க்க வேண்டும். அது பட்டறை வேலை.