மடியில் சீறும், தனியே அழும்: செல்ல நாயை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

காலை ஏழே முக்கால் மணி. செம்பூரில் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடி. சமையலறையில் சாப்பாட்டு டப்பா மூடும் சத்தம் கேட்கிறது. அதுவரை சுருண்டு படுத்திருந்த வெள்ளைச் சடை நாய் சட்டென்று தலையைத் தூக்குகிறது. ஆணியில் தொங்கும் சாவியை எடுத்ததும் அதற்கு நடுக்கம் பிடித்துவிடுகிறது. கதவைப் பூட்டிவிட்டுக் கணவனும் மனைவியும் வேலைக்குப் படி இறங்குவதற்குள் ஊளை ஆரம்பம்!

ஆபீசில் போய் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டிலிருந்து போன் வருகிறது. "அண்ணாச்சி, உங்க ஜிம்மி நிறுத்தாம அழுவுது. நான் நைட் டூட்டி முடிச்சு இப்பத்தான் வந்து படுத்தேன். ஏதாவது பண்ணுங்க."

மாலையில் வேறு நாடகம். வீட்டுக்கார அம்மாள் கட்டிலில் உட்கார்ந்ததும் ஜிம்மி மடியில் ஏறிக்கொள்ளும். கணவர் பக்கத்தில் உட்காரப் போனால் 'உர்ர்...' என்று உறுமும்.

"பாத்தீங்களா, அதுக்கு என் மேல எவ்வளவு பாசம்!" என்று அம்மாள் சிரிப்பார். கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் உறுமிய நாயின் தலையில் செருப்பால் ஓங்கி ஒரு போடு போட்டார். அதிலிருந்து ஜிம்மி உறுமுவதில்லை. 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று அவர் பெருமைப்பட்டுக் கொண்டார்.

இரண்டு வாரம் கழிந்தது. லீவுக்கு வந்திருந்த பேரன் ஓடிவந்து பாட்டியைக் கட்டிக்கொண்டான். ஜிம்மி உறுமவில்லை; நேராகக் கையைக் கடித்துவிட்டது!

இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதை அல்ல. தாராவி கோலியானாலும், மாட்டுங்கா சால் ஆனாலும், செம்பூர் பிளாட் ஆனாலும், சின்ன நாய் வளர்க்கும் வீடுகளில் நடக்கக் கூடியதைச் சேர்த்துச் சொன்ன கதை. இதன் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான். 'இந்தச் சனியனை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு' என்பார்கள். அந்த முடிவுக்குப் போகாமல் இருக்க வழி உண்டு.

ஊரடங்கு தந்த பழக்கம்

2020 மார்ச் மாதத்தை மும்பைவாசிகள் மறக்க மாட்டார்கள். ஓயாமல் ஓடும் மின்சார ரயில்கள் நின்றன. 25-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஆபீசுக்குப் போகிறவர், பள்ளிக்கூடம் போகிறவர் எல்லோரும் வீட்டோடு அடைந்து கிடந்தோம். நமக்கு அது சோதனைக் காலம். வீட்டு நாய்க்கோ அது பொற்காலம்! எந்நேரமும் ஒரு மடி, எந்நேரமும் ஒரு கை.

2021 ஆகஸ்டு 15 முதல், இரண்டு தடுப்பூசியும் போட்டவர்கள் மின்சார ரயிலில் போகலாம் என்றார்கள். ஆபீசுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீடு திடீரென்று காலியானது. ஊரடங்கில் குட்டியாக வந்த நாய்களுக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாது. பல நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் இந்தத் தொல்லையைப் பற்றி அப்போது எச்சரித்தார்கள்.

ஊரடங்கு போய்விட்டது. ஆனால் அதே மாற்றம் வேறு வடிவங்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது. மகள் கல்யாணமாகிப் போகிறாள். வீட்டோடு இருந்த பாட்டி ஊருக்குத் திரும்புகிறார். வீடு மாறுகிறோம். மனிதர்களுக்குக் காரணம் சொல்லிப் புரியவைக்கலாம். நாய்க்கு யார் சொல்வது?

திமிரா, பயமா?

"இடம் கொடுத்தோம், தலையில் ஏறிவிட்டது. யார் எஜமான் என்று காட்ட வேண்டும்" என்பவர்கள் உண்டு. இந்த எண்ணத்துக்கு ஓநாய்கள் மீது பழி போடுவது வழக்கம். ஓநாய்க் கூட்டத்தில் அடித்துப் பிடித்துத் தலைவனாகிறவனே ஆள்கிறான் என்று 1947-ல் ருடால்ப் ஷென்கல் என்ற அறிஞர் எழுதினார். அவர் பார்த்தது, அடைத்து வைத்திருந்த ஓநாய்களை. பின்னர் காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க அறிஞர் டேவிட் மெக், அந்தக் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999-ல் விளக்கினார். தலைவன் பட்டத்துக்கு ஓயாத சண்டை அங்கே இல்லை.

ஜிம்மியும் நம் வீட்டில் பட்டம் கேட்கவில்லை. மடி ஒரு பொக்கிஷம். யாரோ வந்து பறித்துவிடுவார்கள் என்று அது பயப்படுகிறது. கதவு பூட்டினால், போனவர் திரும்ப மாட்டார் என்று பயப்படுகிறது. மாலையில் பல்லைக் காட்டுவதும் காலையில் ஊளையிடுவதும் வேறு வேறு தொல்லைகள். வைத்தியமும் வேறு வேறு. ஆனால் பெரும்பாலும் இரண்டின் அடியிலும் இருப்பது பயம். பயந்தவனை அடித்தால் பயம் கூடுமே தவிரக் குறையாது.

உறுமல் ஒரு எச்சரிக்கை

உறுமல் என்பது நாயின் பேச்சு. 'எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ' என்று அது மரியாதையாகச் சொல்கிறது. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை மட்டுமே போகும்; பயம் அப்படியே இருக்கும். பேரன் கடிபட்டது அதனால்தான்.

சின்ன நாய் என்பதால் நாம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறோம். இதையே ஒரு அல்சேஷன் செய்தால் வீடே அலறும். மூன்று கிலோ நாயின் பல்லும் பல்தான். குழந்தையின் முகம் அதற்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது.

மடியை விட்டு இறக்குவது

முதல் வேலை, மடி நாயின் சொந்தச் சொத்து அல்ல என்பதைச் சண்டை இல்லாமல் கற்பிப்பது. கூப்பிட்டால் மட்டும் மடிக்கு வரட்டும். மற்ற நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பழைய ஜமக்காளம் போடுங்கள். அங்கே படுத்திருக்கும்போது தின்பண்டம் அங்கேயே கிடைக்கட்டும்.

'இறங்கு' என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டே ஒரு துண்டு அவித்த முட்டையைத் தரையில் போடுங்கள். நாய் குதித்து இறங்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை செய்தால், கொஞ்ச நாளில் சொல்லுக்கே இறங்கும். கையால் பிடித்து இழுத்துத் தள்ளுவது கூடாது. கடி வாங்கும் நேரம் அதுதான்.

மடியில் இருந்துகொண்டு உறுமினால் அம்மாள் திட்டவும் வேண்டாம், 'என் கண்ணு' என்று தடவவும் வேண்டாம். பேசாமல் மெதுவாக எழுந்து நின்றுவிட வேண்டும். மடியே இல்லாதபோது எதைக் காவல் காப்பது?

அடுத்தது கணவரின் பங்கு. நாய் உறுமாத தூரம் எது என்று பார்த்து அங்கேயே அவர் நிற்க வேண்டும். அங்கிருந்து ஒரு துண்டு கோழிக்கறியை எறிந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். சைவ வீடு என்றால் பனீர் துண்டு போதும். சில நாள் கழித்து ஓர் அடி முன்னே. மறுபடி சில நாள் கழித்து இன்னும் ஓர் அடி. 'இவர் வந்தால் மடி போகும்' என்ற கணக்கு மாறி, 'இவர் வந்தால் கறி வரும்' என்ற கணக்கு நாயின் மனத்தில் பதிய வேண்டும். அவசரப்பட்டால் முதலுக்கே மோசம்.

சோறு வைப்பது, வெளியே கூட்டிப் போவது, தலை வாருவது எல்லாம் அம்மாள் ஒருவரே செய்யக் கூடாது. வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எலும்போ செருப்போ எதையாவது வாயில் கவ்விக்கொண்டு தராவிட்டால் பிடுங்காதீர்கள். அதைவிட நல்லதைக் காட்டிப் பண்டமாற்றுச் செய்யுங்கள்.

குழந்தையையும் நாயையும் கண் பார்வை இல்லாமல் ஒரு நிமிடம்கூடத் தனியே விட வேண்டாம்.

சாவியும் டப்பாவும்

ரஷ்ய அறிஞர் பாவ்லவைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். சோற்றோடு சேர்த்து ஓர் ஓசையைக் கேட்டுப் பழகிய நாய்க்குப் பிறகு அந்த ஓசை கேட்டாலே எச்சில் ஊறும் என்று காட்டினார். ஜிம்மிக்குச் சாவிச் சத்தம் கேட்டால் ஊறுவது எச்சில் அல்ல, திகில்.

அந்த முடிச்சை அவிழ்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை சாவியை எடுங்கள். எடுத்துவிட்டு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு காபி குடியுங்கள். டப்பாவை மூடிவிட்டு டி.வி. பாருங்கள். பலமுறை இப்படிச் செய்தால், சாவி வெறும் சாவியாகிவிடும்.

பிறகு, பிரிவைச் சிறு சிறு அளவில் கொடுக்க வேண்டும். கதவுக்கு வெளியே போய் ஐந்து வினாடியில் திரும்புங்கள். பிறகு அரை நிமிடம். பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நாய் பதறுவதற்கு முன்பே திரும்பிவிடுவதுதான் இதில் சூட்சுமம். பதறிவிட்டால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். பழைய அளவுக்குப் போங்கள். வீட்டில் பழைய செல்போன் இருந்தால் அதில் படம் பிடித்துப் பாருங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பது அப்போதுதான் தெரியும்.

போகும்போது 'அம்மா போயிட்டு வரேண்டா செல்லம்' என்று பத்து நிமிடம் கொஞ்ச வேண்டாம். அமைதியாகப் போய் அமைதியாக வாருங்கள். கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் நடக்கவிட்டுக் கூட்டி வந்தால் நாய் கொஞ்சம் அசந்து படுக்கும். மாட்டுங்காவாசிகளுக்கு பைவ் கார்டன்ஸ் சாலைகள் இருக்கின்றன. தாராவியில் நெருக்கடி அதிகம்தான். ஆனால் விடிகாலையில் தெரு காலியாகவே இருக்கும்.

உள்ளே உணவு அடைத்த ரப்பர் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது அது தொடாமல் கிடந்தால், உங்கள் நாய் பசியை மறக்கும் அளவுக்குப் பயந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

மாலையில் வந்து பார்த்தால் தலையணை கிழிந்து கிடக்கும், தரையெல்லாம் ஈரம். நாய் தலையைக் குனிந்து நிற்கும். 'செய்த தப்பு அதற்கே தெரிகிறது' என்று அடிக்கப் போகாதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அது குற்ற உணர்வு அல்ல. நம் கோபத்தைப் பார்த்த கலக்கம்.

அக்கம்பக்கத்தாரிடம்

இந்தப் பயிற்சிக்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதுவரை வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா? முடியாது. பகலில் வீட்டிலிருக்கும் ஓர் அக்காவோ, படிக்கிற பையனோ நாயைத் தங்களோடு வைத்துக்கொண்டால் பயிற்சி கெடாது. ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கு போடும் சாலில், நீங்களே முந்திப் போய்ச் சொல்லிவிடுங்கள்: "அண்ணாச்சி, தொந்தரவுதான். பழக்கிக்கிட்டிருக்கோம். கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க." புகார் வந்த பிறகு சொல்லும் சமாதானத்தைவிட முன்கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

டாக்டர் எப்போது?

திடீரென்று கடிக்க ஆரம்பித்த நாய்க்குப் பல்வலி, காதுவலி, மூட்டு வலி இருக்கலாம். சின்ன நாய்களுக்கு முழங்கால் சில்லு விலகுவது சகஜம். தூக்கினால் வலிக்கும், வலித்தால் கடிக்கும். ஆகவே முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மாட்டுங்காவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் பரேல். 1886-ல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும், பாய் சகர்பாய் விலங்கு மருத்துவமனையும் அங்கேதான்.

பிரிவுப் பயத்துக்கு மருந்தும் உண்டு. குளோமிப்ரமைன் 1998-லும், புளுவாக்ஸெட்டின் 2007-லும் நாய்களின் இந்த நோய்க்கென்றே அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மருந்து பயிற்சிக்குத் துணை. பயிற்சிக்குப் பதில் அல்ல. மனிதர் சாப்பிடும் மாத்திரையை உடைத்து நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே கடித்த நாய்க்கு வீட்டு வைத்தியம் போதாது. மருத்துவரின் யோசனைப்படி வாய்க்கூடு போட்டுப் பழக்குவதும் தேவைப்படலாம்.

கடித்துவிட்டால், 'நம்ம வீட்டு நாய்தானே' என்று இருந்துவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். உடனே மாநகராட்சி மருத்துவமனைக்குப் போய், டாக்டர் சொல்லும் எல்லாத் தவணை ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

ஊருக்குப் போகும்போது

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் நாம் ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள, முதல் வகுப்பு ஏ.சி.யில் ஓர் அறை முழுவதையும் நாமே பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டுதான். தனியே இருக்கப் பயப்படும் நாய்க்கு ஒரு பகலும் ஓர் இரவும் அங்கே நரகம். நாய்க்குப் பழக்கமான ஒருவர் வீட்டில் விட்டுப் போவதே மேல். ஆனால் ஊருக்குக் கிளம்பும் நாளில் முதல்முறையாகக் கொண்டுபோய் விடாதீர்கள். ஒரு மாதம் முன்பே அங்கே ஒரு மணி நேரம், அரை நாள், ஓர் இரவு என்று பழக்குங்கள்.

தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுவது தீர்வல்ல. மடியில் வளர்ந்த சின்ன நாய் தெரு நாய்களுக்கு நடுவே பிழைக்காது. வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தெரிந்தவர் முகம் ஒன்றுகூட இல்லாமல் இந்த நகரத்தில் வந்து இறங்கிய முதல் இரவு நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பயம் ஒரே நாளில் போகவில்லை. போன் வரும், கடிதம் வரும், போனவர் திரும்புவார் என்று பழகப் பழகத்தான் போயிற்று. ஜிம்மிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். நாளைக் காலை அதைத் தொடங்கலாம்: கதவுக்கு வெளியே ஐந்து வினாடி, பிறகு உள்ளே.