கரைவெட்டிக்கு ஒரு கோஷ்டிப் பிரயாணம்

பொங்கல் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று நமது நண்பர் கோஷ்டி கூடி ஆலோசித்தபோது, பதினான்கு பேருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது: புலி பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா என்றார் ஒருவர். முதுமலை போதும் என்றார் மற்றொருவர்.

நாம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம் உண்டு. முன்பொரு முறை நாம் இத்தகைய வனயாத்திரை ஒன்றுக்குப் போய், திறந்த ஜீப்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, முன்னால் சென்ற ஜீப்பின் புழுதியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். பாரத தேசத்தில் 3,682 புலிகள் இருப்பதாக 2022-ஆம் வருஷத்து மதிப்பீடு சொல்லுகிறது. அவற்றின் முன்னோர்களில் ஒன்றுகூட அன்று நமக்குத் தரிசனம் அளிக்கப் பிரியப்படவில்லை.

ஆகவே, "அரியலூருக்குப் போகலாம்" என்றோம்.

"அங்கே சிமெண்டு லாரிதானே ஐயா பார்க்கலாம்?" என்று சிரித்தார் வக்கீல் நண்பர். சிரித்தவர்தான் வண்டியில் முதலில் ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டார்.

பெரம்பலூர் ஜில்லாவில் சாத்தனூரில் இறங்கினோம். ஓடைக்கரையில் படுத்திருக்கிறது ஒரு மரம். நீளம் 18 மீட்டர். வயது சுமார் 12 கோடி வருஷம். தட்டினால் கல். இப்பகுதியில் அன்று சமுத்திரம் இருந்தது. அதில் புதையுண்ட மரம் கல்லாகிவிட்டது. 1940-ல் இதைக் கண்டறிந்தவர் பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன், 1951-ல் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் முதல் இந்தியத் தலைவராக வந்தவரும் அவரே. அந்தப் பழைய சமுத்திரம் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்தான் இன்று சிமெண்டாகி லாரியில் போகிறது என்று சொன்னதும், வக்கீல் நண்பர் லாரிகளைச் சற்று மரியாதையுடன் பார்க்கலானார்.

மறுநாள் விடியுமுன் கரைவெட்டி ஏரிக்கரையில் நின்றோம். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து நிரம்பும் பாசன ஏரி இது. ஆயிரத்து நூறு ஏக்கருக்குச் சற்று மேல். 1999-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024 ஜனவரியில் ராம்சார் ஒப்பந்தப்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ஜாபிதாவிலும் இடம் பெற்றது.

மூடுபனியினூடே முதலில் குரல்தான் கேட்டது. பிறகு வயல்களின் பக்கமிருந்து, ஒரு கோணல் வரிசை. அதன் பின்னால் இன்னொன்று. பின்னர் எண்ணுவதையே விட்டுவிட்டோம். பட்டைத்தலை வாத்துக்கள்! வெள்ளைத் தலையில் இரண்டு கரும்பட்டைகள். திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிற ஜாதி. ஏழாயிரம் மீட்டருக்கு மேலும் இவை பறந்ததைக் கருவி பொருத்திக் கண்டிருக்கிறார்கள். காற்றின் உதவியைக்கூட எதிர்பாராமல், பெரும்பாலும் இரவின் குளிர்ந்த, கனத்த காற்றில் சிறகடித்தே ஏறுகின்றனவாம். குறைந்த பிராணவாயுவையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இரத்தம் இவற்றுக்கு. ஏரியில் ஊசிவால் வாத்தும் கரண்டிவாயனும் நிறைய இருந்தன; ஆனால் நம் கோஷ்டியில் யாரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் தகர டப்பாவும் கோலுமாக ஒரு விவசாயி நின்றார். இரவெல்லாம் காவல்.

"எதற்கு ஐயா டப்பா?" என்றோம்.

"வாத்துக்குத்தானுங்க. பகல்ல ஏரியில கிடக்கும். ராத்திரி நம்ம நெல்லுல இறங்கும்."

சுட்டுவிடலாம் என்ற யோசனை அவருக்கு வந்ததேயில்லையா என்று வக்கீல் நண்பர் கேட்டார். அவர் முகம் கறுத்தது.

"அம்புட்டு தூரம் வந்ததைச் சுடுறதா? விரட்டத்தானுங்க செய்வோம். ஆனா, போன நெல்லுக்கு யார்கிட்ட கேக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க."

சட்டம் படித்த நண்பர் சட்டைப் பையைத் துழாவினார். பதில் அங்கே இல்லை. விருந்தாளிக்குச் சோறு போடுகிறவர் ஒருவர், விருந்துக்குப் பெயர் வாங்குகிறவர் வேறொருவர் என்றால், அந்த விருந்து எத்தனை நாள் நடக்கும்? வனயாத்திரைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராயிருந்த நாம், இந்த ஏரிக்கரையில் செலவழித்ததோ தேநீருக்கு மட்டுந்தான்.

"மாசியில தண்ணி வத்திடும். அதுங்களும் கிளம்பிடும்" என்றார் விவசாயி. டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வாத்துக்கள் ஏரி நடுவில் தலையைச் சிறகுக்குள் புதைத்துத் தூங்கத் தொடங்கியிருந்தன.