மொறிஸ் மைனரின் 9.7 சிசி

பிறேக் பெடல் இறங்குகிறது என்று கராஜுக்குப் போனால், பாதிப் பேருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மாஸ்டர் சிலிண்டரை மாற்றுவோம். பழைய மொறிஸ் மைனரில் அதுதான் ஆகக் கூடுதல் வேலை பிடிக்கும் இடம். கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடமும் அதுவே. ஏன் என்பதை எண்களால் பார்த்துவிடலாம்.

1948 முதல் ஓடத் தொடங்கி 1960 டிசம்பரில் பத்து இலட்சத்தைத் தொட்ட கார் இது. இலங்கையில் இன்றும் வீட்டுக் காராக ஓடுகிறது. 1962இல் வந்த 1098 சிசி மொடலை எடுத்துக்கொள்வோம். முன் டிரம் 8 அங்குலம், பின் டிரம் 7 அங்குலம். முன் சக்கரம் ஒன்றுக்கு இரண்டு சிலிண்டர், பின் சக்கரம் ஒன்றுக்கு ஒன்று. மொத்தம் 6 வீல் சிலிண்டர், 8 பிறேக் சூ, 6 அட்ஜஸ்டர், 3 றப்பர் ஹோஸ், எயார் எடுக்கும் நிப்பிள் 4. எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு லைன். எங்கே ஒழுகினாலும் நான்கு சக்கரமும் சேர்ந்தே போகும், மிஞ்சுவது கைப்பிறேக்.

மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 7/8 அங்குலம், அதாவது 22.2 மில்லிமீற்றர். பரப்பு 388 சதுர மில்லிமீற்றர். பெடலின் நெம்புகோல் விகிதம் 5க்கு 1 என்றும், பெடல் தரையைத் தொடும்வரை 125 மில்லிமீற்றர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். உள்ளே பிஸ்டன் 25 மில்லிமீற்றர் நகரும், தள்ளும் திரவம் 9.7 சிசி. இரண்டு தேக்கரண்டி கூட இல்லை. ஒரு மிதியில் காரை நிறுத்தக் கையிருப்பு இவ்வளவுதான். பெடல் இறங்குகிறது என்றால் இந்த 9.7 சிசி வேறெங்கோ செலவாகிறது.

அழுத்தத்துக்குக் குறைவில்லை. 30 கிலோ பலத்தில் மிதித்தால் பிஸ்டனில் 150 கிலோ. அதை 3.88 சதுர சென்ரிமீற்றரால் வகுத்தால், சதுர சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட 39 கிலோ. அந்த அழுத்தத்தில் பிறேக் திரவம் தன் கனஅளவில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் சுருங்கும். ஆகவே திரவத்தின் மேல் பழி போட முடியாது.

முதல் செலவு சூவுக்கும் டிரம்முக்கும் நடுவிலுள்ள இடைவெளி. கணக்கு இலேசாக இருக்க எல்லா வீல் சிலிண்டரும் 7/8 அங்குலம் என்றே கொள்வோம். சூவின் நுனி ஒவ்வொன்றும் அரை மில்லிமீற்றர் நகர்ந்து டிரம்மைத் தொட்டால், 8 சூவுக்கும் மாஸ்டரில் 4 மில்லிமீற்றர், பெடலில் 20. இது நியாயமான செலவு. லைனர் தேய்ந்து, அட்ஜஸ்டரை யாரும் தொடாமல், அந்த இடைவெளி ஒன்றரை மில்லிமீற்றர் ஆகிவிட்டது என்று பாருங்கள். மாஸ்டரில் 12, பெடலில் 60. கையிருப்பில் பாதி, சூ டிரம்மைத் தொடுவதற்கே போய்விட்டது. முதல் மிதியில் பெடல் ஆழத்துக்குப் போகும். உடனே விட்டு இரண்டாவது தரம் மிதித்தால் மேலே நின்று கல்லுப்போல் இறுகும். இந்த அடையாளம் தெரிந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் றப்பர் கப் ஒன்று கூட வாங்கத் தேவையில்லை. டிரம்மிலுள்ள துளை வழியே ஸ்க்ரூ டிரைவரை விட்டு, சக்கரம் பிடிக்கும்வரை அட்ஜஸ்டரைத் திருப்பி, ஒரு பல் பின்னே விடவேண்டும். முன் சக்கரத்துக்கு இரண்டு இடம், பின் சக்கரத்துக்கு ஒன்று. முன்னே ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை மறந்துபோகிற கராஜ்கள் உண்டு. பின் சக்கரத்தைத் தொடமுன் கைப்பிறேக்கை விட்டிருக்க வேண்டும். பின் சிலிண்டர் தகட்டில் முன்பின் வழுக்கவேண்டிய சாமான்; துருவில் இறுகியிருந்தால் எத்தனை பல் திருப்பினாலும் ஒரு சூதான் வேலை செய்யும். செலவு: ஒரு முற்பகல், சாமான் பூச்சியம்.

இரண்டாவது செலவு காற்று. இரண்டாம் மிதியிலும் பெடல் இறுகாமல் பஞ்சாகவே இருந்தால் இதுதான். 1 சிசி காற்று, அழுத்தம் 10 பாருக்கு ஏறுவதற்குள் பத்தில் ஒன்பது பங்கு சுருங்கிவிடும். முழு 1 சிசியும் போனதாகவே கொண்டால் இழப்பு மாஸ்டரில் 2.6 மில்லிமீற்றர், பெடலில் 13. இரண்டு சிசி என்றால் 26. பிறேக் குழாயின் வெளிவிட்டம் 3/16 அங்குலம். உள்ளே ஒரு மீற்றருக்கு 9 சிசிக்குச் சற்றுக் குறைவாகவே திரவம் நிற்கும். ஆகவே 1 சிசி காற்று குழாயில் 11 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் படுத்திருக்கும். பின் சக்கரத்துக்குப் போகும் வழி 3 மீற்றர் என்றால் 26 சிசி. பாதி மிதி மிதித்தால் தள்ளுவது 4.8 சிசி, புதுத் திரவம் நிப்பிளை எட்டவே ஆறு மிதி வேண்டும். நாலு மிதியில் "எயார் வந்திட்டுது" என்று நிப்பிளை மூடுகிறவர் குழாயிலிருந்த பழைய திரவத்தை மட்டும் வெளியே எடுத்திருக்கிறார்.

பாதி மிதி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் நாளாந்தம் ஓடாத கடைசிப் பகுதி துருவேறிக் கிடக்கும். எயார் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் கப்பின் விளிம்பு அந்தத் துருவில் ஏறிக் கிழியும். காலையில் காற்று மட்டும் இருந்த காரில் மாலையில் மாஸ்டரும் போயிருக்கும்.

திரவக் கணக்கு: நிப்பிளுக்கு 75 சிசி வீதம் நான்குக்கும் 300. அரை லீற்றர் டின் ஒன்று போதும். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள், திறந்த டின் ஈரத்தை உறிஞ்சும். DOT 3 புதிதில் 205 பாகையில் கொதிக்க வேண்டும், 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த எல்லை 140. DOT 4க்கு 230, 155. யாழ்ப்பாணத்துச் சமதரையில் இந்த வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவில் தெரியும். அங்கே உயரம் 1,868 மீற்றர், கண்டி ஏறத்தாழ 500. நான்கு பேரோடு 1,050 கிலோ எடையுள்ள கார் அந்த இறக்கத்தில் இழக்கும் சக்தி 14 மெகாஜூல்: 30 பாகையிலுள்ள 48 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினும் பங்கெடுக்கும், நியூட்ரலில் இறங்கினால் பெரும்பகுதி நான்கு டிரம்முக்கே. டிரம் 200 பாகை சூடேறினால் 203 மில்லிமீற்றர் விட்டம் 0.45 மில்லிமீற்றர் விரியும். பெடலில் அதற்கே 9 மில்லிமீற்றர் வரை போகலாம். இறங்கிய பெடல் இறுக்கமாக இருந்தால் விரிந்தது டிரம். பஞ்சாக இருந்தால் திரவம் கொதித்து ஆவியாகிவிட்டது, காரை ஓரங்கட்டுங்கள்.

மேலே சொன்ன மூன்றும் ஒரே காரில் சேரலாம்: 60, 26, 9. மொத்தம் 95. மிஞ்சுவது 30 மில்லிமீற்றர். இவ்வளவுக்கும் உடைந்த சாமான் ஒன்றும் இல்லை.

ஹோஸ் ஊதுகிறதா என்று பார்க்க மூன்றையும் கிளாம்பால் ஒவ்வொன்றாக இறுக்கிப் பெடலை மிதித்தால் போதும். எதை இறுக்கும்போது பெடல் உயர்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் குறை. கப்புக்கு வேறு எதிரி மண்ணெண்ணெய். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் கார்களை ஓட்டியதே மண்ணெண்ணெய்தான். அதனாலோ என்னவோ எந்தச் சாமானையும் அதில் கழுவுகிற பழக்கம் சில கராஜ்களில் உண்டு. பிறேக் சாமானை அதில் கழுவினால் கப் ஊதும். புதுப் பிறேக் திரவத்திலோ ஸ்பிரிட்டிலோ கழுவுங்கள். எஞ்சின் ஒயில் சொட்டு விழுந்தாலும் அதே கதை.

இத்தனைக்கும் பிறகு, காலைப் பெடலில் வைத்து ஒரே அழுத்தமாக அமர்த்தும்போது அது மெல்ல மெல்லக் கீழே போய், வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மட்டும் மாஸ்டர் சிலிண்டர். அது ஓட்டுநரின் காலடியில், சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. மூடியைத் திறக்கவே விரிப்பைத் தூக்கவேண்டும். திரவ மட்டத்தை ஆண்டுக்கணக்கில் ஒருவரும் பார்க்காமல் விடுவதும் இதனால்தான். இதை நிறுத்தும் போல்ட்டுகளை உருவும் வழியில் டோர்ஷன் பார் நிற்கிறது. அதை இறக்காமல் போல்ட் வெளியே வராது. கழற்றிப் பூட்ட முழு நாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது இரண்டு போல்ட்டையும் எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுத்துவிட்டால் அடுத்த முறை டோர்ஷன் பாரைத் தொடவேண்டி வராது.