தாழ்சுரம் காக்கும் பெட்டி

மிருதங்கத்தின் தொப்பி நாதம் மங்கினால் கச்சேரி சுவை குன்றும். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே இழுக்கின்றது; இவ்விரு அலைகளும் கலந்தால் தாழ்சுரம் அழியும். ஆதலின் பின்னலையைப் பெட்டியுள் அடைப்பது வழக்கம். பெல் ஆய்வுக்கூடத்து ஆல்பர்ட் துராஸ், அதனையே துளைவழி வெளியேற்றித் துணையாக்கும் முறைக்கு 1932இல் காப்புரிமை பெற்றார். குடத்தின் வாயில் ஊதினால் எழும் முழக்கமே இதன் தத்துவம். பெட்டி பெரிதாயினும் குழாய் நீளினும் சுரம் தாழும்; துளை அகலின் உயரும்.

மஹய்யாவயில் வீட்டிலே பெட்டி செய்து பார்க்கும் இளைஞர், கனத்த பலகைகளைக் காற்றுப் புகாவண்ணம் பொருத்துவாராக. நீண்ட கடதாசிமட்டைக் குழாயில் தொடங்கி, சிறிது சிறிதாகக் குறைத்துச் செவியால் ஆராய்வாராக. பெட்டியின் சுரத்திற்குக் கீழே கூம்பு தாங்கலின்றி அலையும். அங்கே ஒலியை மிகுத்தல் கருவிக்குக் கேடு.