மென்பொருள் ஆவணங்களில் பல்லூடகமும் காணொளிப் பயிற்சியும்

ஒரு மென்பொருளை நிறுவும் முறையையும் பயன்படுத்தும் முறையையும் விளக்கும் குறிப்புகளின் தொகுப்பு மென்பொருள் ஆவணம் எனப்படும். முன்பு இது அச்சிட்ட கையேடாக வந்தது. இன்று எழுத்து, படம், ஒலி, காணொளி ஆகியவை இணைந்த பல்லூடக ஆவணமாக இணையத்தில் கிடைக்கிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா இதைத் தொடங்கினார். இந்திய அரசின் கல்வி அமைச்சகம் நிதியுதவி அளித்தது. லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், பைத்தான், சைலாப் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்கான பாடங்கள் இதில் உள்ளன. ஒரு பாடம் ஏறத்தாழ 10 நிமிடம் ஓடும்.

தயாரிக்கும் முறை

முதலில் பாடம் இரு பத்திகளாக எழுதப்படும். ஒன்றில் திரையில் காட்ட வேண்டியது, மற்றொன்றில் பேச வேண்டியது இருக்கும். அந்த மென்பொருளை அறியாத ஒருவர் அதைப் படித்துச் செய்து பார்ப்பார். அவர் தடுமாறும் இடங்களைத் திருத்திய பின்பே பதிவு செய்வர். பிறகு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் மட்டும் மாற்றப்படும். திரையில் உள்ள சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கும். வேலைக்குச் செல்லும் இடத்திலும் மாணவர் அந்தச் சொற்களையே காண்பார் என்பதே காரணம்.

கற்கும் முறை

நீச்சலைக் கரையில் நின்று பார்த்துக் கற்க முடியாது. திரையின் ஒரு பக்கம் காணொளியையும் மறுபக்கம் மென்பொருளையும் திறந்து வைக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மதிப்பெண் பட்டியலில் கூட்டுத்தொகை காணும் பாடம் என்றால், ஒரு படியைப் பார்த்ததும் காணொளியை நிறுத்தி, அதைத் தாமே செய்து, விடை சரியாக வந்த பின்பே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

குறைகள்

மென்பொருளின் புதிய பதிப்பில் பொத்தான்கள் இடம் மாறினால் பழைய காணொளி மாணவரைக் குழப்பும். எழுத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். காணொளியை மீண்டும் பதிவு செய்ய வேண்டும். தேவையான ஒரு வரியைத் தேடி எடுப்பதும் எழுத்தில்தான் எளிது. செவித்திறன் குறைந்தோருக்கும், இணைய வேகம் குறைந்த இடங்களில் படிப்போருக்கும் எழுத்து வடிவமே கைகொடுக்கும். ஆகவே ஒவ்வொரு காணொளியுடனும் அதன் எழுத்து வடிவத்தையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் தருவது அவசியம்.

விருதுநகர் மாவட்டம் எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில், கணினி வகுப்புக்காகப் பக்கத்து நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியுள்ள மாணவருக்கு இத்தகைய தமிழ்ப் பாடங்கள் கட்டணமில்லாத ஆசிரியர். அந்த ஆசிரியர் சொல்வது புரியாவிட்டால், எழுந்து நின்று கேள்வி கேட்க முடியாது. அதனால்தான் புதியவர் ஒருவரைக் கொண்டு முன்கூட்டியே சோதிப்பது இன்றியமையாதது.