முகவரி இல்லாதவரின் முகவரி

ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகிறோம். ஆலய மதில் ஓரமாகப் படுத்து எழும் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "சாப்பாட்டுக்கு வழியில்லை, செல்போன் மட்டும் வேண்டியிருக்கிறது" என்று நம்மில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைக்கிறோம். கொடுப்பதற்காக எடுத்த பத்து ரூபாய் மீண்டும் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. இந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கைப்பேசியும் அதில் உள்ள இணைய வசதியும் அவருக்கு எதற்குத் தேவைப்படுகின்றன என்பதை இன்று சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 இலட்சம் பேர் என்று கூறியது. சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்கள், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், இரயில் நிலையம், வழிபாட்டுத் தலங்களின் திறந்தவெளி போன்ற இடங்களில் வாழ்வோரை அந்தக் கணக்கெடுப்பு இவ்வாறு அழைத்தது. சென்னைப் பாரிமுனைப் பகுதியில் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே வாழும் குடும்பங்களும் உண்டு. இவர்களில் பெரும்பாலோர் உழைப்பவர்கள். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், பூ கட்டுகிறார்கள், பழைய பொருள்கள் சேகரிக்கிறார்கள்.

முன்பெல்லாம் அரசிடமிருந்து ஒரு தகவல் வரவேண்டுமானால் தபால்காரர் கொண்டுவருவார். கதவு எண் இல்லாதவருக்கு அது வந்து சேராது. இன்று அந்த இடத்தைக் கைப்பேசி எண் பிடித்துக்கொண்டது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறுவது, வங்கிக் கணக்கில் பணம் வந்ததா என்று பார்ப்பது ஆகிய எல்லாவற்றிலும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணோ குறுஞ்செய்தியோ குறுக்கிடுகிறது. வீடு இல்லாதவருக்கு அந்தப் பத்து இலக்க எண்தான் முகவரி.

ஆனால் அந்த முகவரி எளிதில் அழிந்துபோகக் கூடியது. நடைபாதையில் உறங்குபவரிடமிருந்து முதலில் திருடப்படும் பொருள் பெரும்பாலும் கைப்பேசிதான். திருடு போகாவிட்டாலும், ரீசார்ஜ் செய்யப் பணமில்லாமல் தொடர்ந்து 90 நாள்கள் பயன்படுத்தப்படாத சிம் கார்டு, கணக்கில் குறைந்தபட்ச இருப்பும் இல்லாவிட்டால் துண்டிக்கப்படலாம். பின்னர் அதே எண் வேறொருவருக்கு வழங்கப்படும். இவருடைய ஆதாருடனும் வங்கிக் கணக்குடனும் இணைந்த எண் இப்போது முன்பின் தெரியாத ஒருவரின் கையில் இருக்கிறது! புதிய எண்ணை ஆதாரில் சேர்க்க, இத்தகையோர் பெரும்பாலும் ஆதார் மையத்திற்கு நேரில் சென்று கைரேகை வைத்துக் கட்டணமும் செலுத்த வேண்டியிருக்கிறது. சுமை தூக்கித் தேய்ந்த விரல்களின் ரேகையைச் சில வேளைகளில் இயந்திரம் ஏற்பதில்லை. அன்றைய கூலியும் போய்விடுகிறது.

மற்றொன்றையும் எண்ணிப் பார்ப்போம். தெருவில் வாழ்பவரின் ஆவணங்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கும். ஒரு மழை போதும், அல்லது நடைபாதையைக் காலி செய்ய வரும் ஒரு லாரி போதும், எல்லாம் போய்விடும். 2015ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் சேவை, ஆவணங்களை இணையத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ள உதவுகிறது. மழையில் நனையாத பெட்டி என்று இதைச் சொல்லலாம். வீடுள்ள நம்மைவிட வீடில்லாதவருக்கே இது அதிகம் பயன்பட வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியின் சாவியும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்தான்.

இதனால் ஏற்படும் இழப்பு எவ்வளவு பெரியது என்பதை 2021ஆம் ஆண்டில் பார்த்தோம். கோவிட் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த மே மாதம் முதல் தேதியில் 18 வயது முதல் 44 வயது வரையிலானவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது, கோவின் தளத்தில் முன்பதிவு செய்வது கட்டாயமாக இருந்தது. இணையம் இல்லாதவர் உயிர்காக்கும் ஊசிக்கு வரிசையில் நிற்கக்கூட முடியாமல் போனது. அம்மாதம் 24ஆம் தேதிதான் அரசு மையங்களில் நேரில் பதிவுசெய்ய அனுமதி கிடைத்தது. இந்த எண்ணிம ஏற்றத்தாழ்வைக் குறித்து உச்ச நீதிமன்றம் மே 31 அன்று மத்திய அரசிடம் கேள்வி எழுப்பியது. அதே ஆண்டு சனவரி 20 அன்று, வத்திக்கானில் திருத்தந்தை ஆறாம் பவுல் அரங்கின் முகப்புக் கூடத்தில் வீடற்றோர் சுமார் 25 பேரை அழைத்து அமரவைத்துத் தடுப்பூசி போட்டார்கள். தேடி வரமுடியாதவரைத் தேடிச் செல்லும் வழி அது.

இணைய வசதி ஆடம்பரமா, உரிமையா என்ற கேள்விக்கு நமது நீதிமன்றங்களும் பதில் தந்துள்ளன. விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் கைப்பேசி வழி அடையாளச் சரிபார்ப்பில் படும் துன்பம் குறித்த வழக்கில், எண்ணிமச் சேவைகளைப் பெறுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அலுவலகத் தேவைகளோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. கட்டட வேலைக்கு ஆள் தேவை என்று மேஸ்திரி அழைப்பது கைப்பேசியில்தான். கூலியும் பல இடங்களில் அதன் வழியாகவே வருகிறது. இரவில் பாதுகாப்பில்லை என்று உணரும் பெண் உதவிக்கு அழைக்க வேண்டியதும் அதில்தான். வீட்டை விட்டு வந்து ஆண்டுகள் பலவான ஒருவர், மனநலச் சிகிச்சைக்குப் பின் தன் ஊர்ப் பெயரைச் சொல்ல, காப்பகத்தார் ஊரைத் தேடிப் பிடித்து, காணொளி அழைப்பில் தாயின் முகத்தை அவருக்குக் காட்டுவதும் உண்டு. அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பை எந்தத் தொகையால் அளக்க முடியும்?

செல்வரும் வறியவரும் இணையத்தில் இரு கரைகளில் நிற்கும் நிலையைப் பற்றித் திருச்சபை அன்றே கவலை தெரிவித்தது. 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் திருப்பீடச் சமூகத் தொடர்பு அவை இணையத்தின் அறநெறி பற்றி வெளியிட்ட ஏடு இந்த இடைவெளியைத் தனியாகச் சுட்டிக்காட்டுகிறது. பசித்தவருக்கு உணவும் அன்னியருக்கு இடமும் தரும் இரக்கச் செயல்களை நாம் சிறு வயதிலேயே மறைக்கல்வியில் கற்றோம். இன்றைய நிலையில் அவற்றோடு சேர்த்துச் செய்யத்தக்கவை எவை?

பங்கு அலுவலகத்தின் வெளிச் சுவரில் கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்ற இரண்டு மின் இணைப்புகள் தரலாம். இரயில் நிலையங்களில் இலவச வை-ஃபை இருந்தாலும், அதைப் பெறவும் ஓ.டி.பி. வேண்டும், சார்ஜும் வேண்டும். அன்பியங்களோ வின்சென்ட் தே பவுல் சபையினரோ, தாம் அறிந்த வீடற்ற ஒருவரின் எண் துண்டிக்கப்படாதபடி மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது ரீசார்ஜ் செய்யலாம். திருப்பலிக்குப் பின் நம் இளையோர் இருவர் ஒரு மேசை போட்டு அமர்ந்து, விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றிதழைக் கொண்டு ஆதார் பெற வழி உண்டு என்பதையும், ஆதாருடன் இணைந்த எண் இல்லாதவரும் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்து இ-ஷ்ரம் தளத்தில் பதிவுசெய்யலாம் என்பதையும் எடுத்துச் சொல்லலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அவர்களுடைய கடவுச்சொல்லை நாம் எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களைப் படம்பிடித்துப் பரப்பவும் கூடாது.

அடுத்த ஞாயிறு அந்த மதில் ஓரத்தைக் கடக்கும்போது, கைப்பேசி வைத்திருக்கிறாரே என்று முணுமுணுக்காமல், "ஐயா, சார்ஜ் இருக்கிறதா?" என்று கேட்போம். பத்து ரூபாயையும் கொடுப்போம்.